துணிப் பொம்மை சிற்பமாகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் பக்கம் இருந்துகொண்டு துணியில் உருவங்கள் தைக்கிறேன். சிலது ஒரு சாண் உயரம், சிலது ஆள் உயரம். பார்க்க வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதையும், தாங்களே செய்ய ஆசைப்படுகிறவர்கள் போனில் கேட்பதையும் ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். சில பதில்கள் நீளமானவை. மழைக்காலப் பூஞ்சைக்கு வழி தேடி வந்தவர்கள் நேரே கீழே போய்விடலாம்.

கடைசியில் இது பொம்மைதானே? இதில என்ன சிற்பம் கிடக்கு?

பொம்மைதான். அதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

நம்ம மாவட்டத்தில் சிற்பம் என்றதும் கண்முன் வருவது கடலுக்குள் நிற்கும் 133 அடி வள்ளுவர், சுசீந்திரத்தில் 18 அடி ஆஞ்சநேயர், மயிலாடியில் ரோட்டோரம் பாதி கொத்திக் கிடக்கும் நந்தி. எல்லாம் கல். கல்லில் வேண்டாததை எடுத்துக்கொண்டே போக வேண்டும். மண்ணில் சேர்த்துக்கொண்டே போகலாம். துணியில் நடப்பது வேறு. உள்ளே அடைத்த பஞ்சு வெளியே தள்ளும், தையல் உள்ளே இழுக்கும். இரண்டும் மல்லுக்கட்டி ஓய்கிற இடத்தில்தான் உருவம் நிலைக்கிறது. கன்னம் எங்கே புடைக்கும், வயிறு எங்கே மடியும், தலை எந்தப் பக்கம் சாயும் என்பதெல்லாம் தையல் எங்கே ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. எடை, நிற்கும் வாகு, சுற்றிவந்து பார்க்கும்போது ஒவ்வொரு பக்கமும் எப்படி இருக்கிறது என்று சிற்பிகள் மண்டையை உடைத்துக்கொள்கிற அதே கணக்குதான் இங்கேயும்.

அதற்காக எல்லாத் துணிப் பொம்மையும் சிற்பம் என்று சொல்ல மாட்டேன். நான் பார்க்கும் விதம் இது: பொம்மையைத் திருப்பி வைத்து முதுகை மட்டும் பாருங்கள். அதிலேயே ஆள் களைத்திருக்கிறாரா, கோபமா, யாருக்கோ காத்திருக்கிறாரா என்று தெரிந்தால் அங்கே சிற்ப வேலை நடந்திருக்கிறது. பட்டுப்பாவாடையையும் முத்துமாலையையும் கழற்றியதும் உள்ளே ஒரு குட்டித் தலையணைதான் மிஞ்சுகிறது என்றால் அது அலங்காரம். அலங்காரமும் நல்ல வேலைதான், விற்கவும் செய்யும்.

வெளிநாட்டில் யாராவது இதைச் சிற்பமாக ஏற்றிருக்கிறார்களா?

ஏற்று ரொம்ப நாள் ஆகிறது. லூயிஸ் பூர்ஷ்வா (1911–2010) என்ற பிரெஞ்சு-அமெரிக்கச் சிற்பியிடமிருந்து தொடங்கலாம். அவர் வீட்டுத் தொழிலே பழைய சித்திரத் திரைச்சீலைகளைப் பழுதுபார்ப்பது. மரம், பளிங்கு, வெண்கலம் எல்லாவற்றிலும் வேலை செய்து பெயர் எடுத்த பிறகு, 80 வயதைத் தாண்டி, 1990-களின் நடுவில் தன் பழைய உடுப்புகளையும் வீட்டுத் துணிகளையும் வெட்டித் தைக்க ஆரம்பித்தார். டவல் துணியிலும் திரைச்சீலைத் துண்டிலும் தைத்த தலைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். தையலை மறைக்கவே இல்லை. ஆறிய அறுவைத் தழும்பு போல முகத்தின் குறுக்கே அது அப்படியே ஓடும்.

அவருக்கு முன்பே அமெரிக்க ஓவியர் டோரதியா டானிங், தையல் மெஷினை வைத்து 1960-களிலேயே துணி உடல்கள் செய்தார். சுவரைக் கிழித்துக்கொண்டு துணி உடல்கள் வெளியே வருகிற ஒரு முழு அறையையே 1970–73-இல் உருவாக்கினார். அது இப்போது பாரிஸின் பொம்பிடூ மையத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஃபெய்த் ரிங்கோல்ட் 1970-களில் முகமூடிகளும் ஆள் உயரத் துணி உருவங்களும் செய்தார். உடை வடிவமைப்பாளரான அவருடைய அம்மாவும் கூட இருந்து தைத்தார். நியூயார்க்கில் கிரியர் லாங்டன் (1958–1996) பொம்மை என்ற பெயரை விட்டுக்கொடுக்காமலே கம்பி எலும்புக்கூட்டின் மேல் மனித உடல்களைச் செய்தார். 1995-இல் விட்னி பியன்னாலேவிலும் (இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற கலைக் கண்காட்சி) வெனிஸ் பியன்னாலேவிலும் அவருடைய பொம்மைகள் இருந்தன.

இன்னொரு கதையையும் சொல்ல வேண்டும். 1962-இல் கிளாஸ் ஓல்டன்பர்க் ராட்சத பர்கரையும் கேக்கையும் துணியில் செய்து தரையில் கிடத்தினார். மென்சிற்பம், அதாவது துணி மாதிரி மெத்தென்ற பொருளில் செய்கிற சிற்பம் என்றால் இன்றும் முதலில் சொல்லப்படுவது அவர் பெயர். ஊசி பிடித்துத் தைத்தவர் அப்போது அவர் மனைவியாக இருந்த பாட்டி. நம்மூர் ஜவுளிக்கடைப் பெயர்ப்பலகையும் பின்கட்டுத் தையல்காரரும் மாதிரிதான் அங்கேயும்.

இந்தியாவில்?

மிருணாளினி முகர்ஜி (1949–2015). பரோடாவில் படித்தவர். சாயம் தோய்த்த சணல் கயிற்றைக் கையால் முடிச்சுப் போட்டுப் போட்டே ஆள் உயரத்துக்கு மேலான உருவங்களை எழுப்பினார். ஒன்றுக்கு யட்சி என்று பெண் தெய்வத்தின் பெயர். முப்பந்தல் இசக்கியம்மனைக் கும்பிட்டு வளர்ந்த நமக்கு அந்தப் பெயரே போதும், யாரும் விளக்க வேண்டியதில்லை. நியூயார்க்கின் மெட் பிராயர் அருங்காட்சியகம் 2019-இல் அவருடைய வேலைகளுக்கென்றே பெரிய கண்காட்சி நடத்தியது. அவர் இறந்து நாலு வருடம் கழித்து.

அவருடைய ஆசிரியர் கே.ஜி. சுப்பிரமணியன் (1924–2016), கண்ணூர் பக்கம் கூத்துப்பறம்பில் பிறந்தவர். பெரிய ஓவியர். பரோடா கலைக்கல்லூரிச் சந்தைக்காக மரம், தோல், மணி எல்லாம் வைத்துப் பொம்மைகள் செய்திருக்கிறார். பொம்மையை ஓவியத்துக்குக் கீழே வைக்காத மனிதர்.

டெல்லியில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965-இல் தொடங்கிய பொம்மை அருங்காட்சியகம் வேறு ரகம். அங்கே பல நாட்டு உடை அணிந்த பொம்மைகள் வரிசையாக நிற்கும். உடையைப் பார்க்க அருமையான இடம். உடலைப் பார்க்கப் போனால் ஏமாற்றம்தான்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

துணிச் சிற்பம் என்று தனி மரபு இங்கே கிடையாது. இருப்பதாக நான் கதை கட்டப்போவதில்லை. ஆனால் சுற்றிலும் இருக்கிற கைவேலைகளைக் கூட்டிப் பாருங்கள்.

1820-களிலேயே லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அதிலிருந்து வந்த ஊசி வேலைப் பழக்கம் இந்த மாவட்டத்து வீடுகளில் இன்னும் இருக்கிறது. நூல் எவ்வளவு இழுத்தால் வலை சுருங்கும், எவ்வளவு விட்டால் தளரும் என்பது லேஸ் பின்னிய விரலுக்குச் சொல்லாமலே தெரியும். வடசேரியிலும் கோட்டாறிலும் நெசவு இருந்தது. அதே வடசேரியில்தான் கோயில் நகை செய்கிறார்கள், புவிசார் குறியீடு வாங்கிய வேலை அது. அப்புறம் தோல்பாவைக் கூத்து. மண்டிகர் குடும்பங்கள் நடத்தி வந்த அந்தக் கூத்தைப் பற்றி ஆய்வாளர் அ.கா. பெருமாள் விரிவாக எழுதியிருக்கிறார். பாவையின் தோளும் முழங்கையும் எந்த இடத்தில் முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது, அந்த முடிச்சு ஏன் கொஞ்சம் தளர்வாக இருக்கிறது என்று ஒருமுறை கிட்டத்தில் பார்த்துவிட்டால் பொம்மைக்குக் கை வைப்பதில் பாதிப் பாடம் முடிந்தது.

இசக்கி கோயில்களில் குழந்தை ஏந்திய சுடுமண் உருவங்களை நேர்ச்சையாக வைப்பதும், நவராத்திரிக்கு சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் வேளிமலை முருகனும் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போவதும் நமக்குப் பழகிய காட்சி. உருவத்தை ஒரு ஆளாகவே நடத்திப் பழகிய ஊரில் துணி உருவத்துக்கு மட்டும் ஏன் முகம் சுளிக்க வேண்டும்?

எந்தத் துணி நல்லது?

தொடங்குகிறவர்களுக்கு காடாத் துணி. விலை மலிவு, நெசவு உறுதி, சாயமும் பிடிக்கும். வாங்கியதும் வெந்நீரில் ஊறவைத்து அலசிக் கஞ்சியை எடுத்துவிடுங்கள். சுருங்க வேண்டியது வெட்டுவதற்கு முன்பே சுருங்கிவிடட்டும்.

துணியை எந்த வாக்கில் வெட்டுகிறீர்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கரையோடு போகும் பாவு நூல் வாக்கில் துணி இழுபடாது. குறுக்கே ஊடு நூல் வாக்கில் கொஞ்சம் கொடுக்கும். மூலைவாட்டில், அதாவது தையல்காரர்கள் கிராஸ் என்று சொல்கிற வாக்கில், நன்றாக இழுபடும். ஒல்லியான கை கால் வேண்டுமென்றால் நீளம் கரையோடு போக வேண்டும். எவ்வளவு பஞ்சு திணித்தாலும் நீளாது. கன்னம், வயிறு, பிட்டம் எல்லாம் கிராஸில் வெட்டினால் தானே உருளும். ஒரே பேட்டர்னை இரண்டு வாக்கிலும் வெட்டித் தைத்து ஒரே அளவு பஞ்சு அடைத்து வைத்துப் பாருங்கள். ஒன்று பட்டினி கிடந்த ஆள், இன்னொன்று கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த ஆள்.

பழைய வேட்டி, லுங்கி, பள்ளிக்கூட யூனிஃபார்ம் எல்லாமே நல்லவை. துவைத்துத் துவைத்து மெலிந்த துணிக்குப் பின்னால் இன்னொரு துணியை ஒட்டவைத்துத் தைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தையலோரம் பிய்ந்துகொள்ளும். டெய்லர் கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கேட்டால் சாக்குக் கணக்கில் தந்துவிடுவார்கள்.

உள்ளே என்ன அடைக்கலாம்?

இலவம் பஞ்சு எடை குறைவு, வழுவழுப்பு, சீக்கிரம் நீர் ஏறாது. ஆனால் நாளாக நாளாக அமுங்கிப்போகும். அடைக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். பருத்திப் பஞ்சு கனம், கெட்டியாக இறுகும், களிமண்ணைப் போல அழுத்தின இடத்தில் நிற்கும். முகத்துக்கு எனக்குப் பிடித்தது இதுதான், ஈரத்தை இழுப்பது மட்டும்தான் தொல்லை. பாலியெஸ்டர் ஃபைபர் துவைக்கலாம், பூச்சி வராது, ஆனால் அழுத்திவிட்டால் மறுபடி எழும்பும். நுணுக்கமான முகத்துக்கு ஆகாது. கதம்பையிலிருந்து, அதாவது தேங்காய் மட்டையிலிருந்து எடுத்த தும்பு முரடு, துணியைக் குத்திக்கொண்டு வெளியே வரும். பெரிய உடலின் நடுவில் மட்டும் வைத்துச் சுற்றிலும் பஞ்சு கொடுங்கள்.

உட்காரும் பொம்மைக்கு அடியில் எடை வேண்டும். அதற்குக் கடல் மணல் வேண்டவே வேண்டாம். உப்பு ஈரத்தை இழுத்து அடித்துணியை நாறடிக்கும். போதாக்குறைக்கு மணவாளக்குறிச்சிக் கரை மணலில் மோனசைட் உண்டு. தோரியம் அடங்கிய தாது அது. அதை எடுத்துப் பொம்மைக்குள் கட்டிக் கட்டில் பக்கத்தில் வைக்க என்ன அவசியம்? ஆற்று மணலை நாலு தண்ணீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, சின்னப் பையில் கட்டி வையுங்கள்.

தையல் மெஷின் வேண்டுமா?

வேண்டாம். கையால் பின்தையல் போட்டால் போதும். மெஷின் இருந்தால் தையலைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போனால் பஞ்சு அழுத்தத்தில் தையல் வாய் பிளக்கும்.

முகம் எப்படி வருகிறது? வரைவதா, ஒட்டுவதா?

வரையலாம், ஆனால் முதலில் செதுக்க வேண்டும். அதற்கு உளி ஊசிதான்.

தலையைக் கையால் அமுக்கினால் அமுங்காத அளவுக்குப் பஞ்சடைத்துக்கொள்ளுங்கள். நீளமான ஊசி, இரட்டை நூல். மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்க்கிறவர்களிடம் தேன்மெழுகு கிடைக்கும். நூலை அதில் ஒருமுறை இழுத்தெடுத்தால் முறுக்கிக்கொள்ளாது, முடிச்சும் நழுவாது. பிடரியில் ஊசியை விட்டு, கண்ணின் உள்முனை வர வேண்டிய இடத்தில் வெளியே எடுங்கள். ஒரு அரிசி நீளம் தள்ளி மறுபடி உள்ளே விட்டுப் பிடரிக்குக் கொண்டுவாருங்கள். இப்போது மெதுவாக இழுங்கள். கண்குழி உள்ளே போகும். மறு கண்ணுக்கும் இதையே செய்தால் நடுவில் மூக்குத்தண்டு தானாக எழும்பி நிற்கும். மூக்கை யாரும் வைக்கவில்லை, இரண்டு பக்கமும் பள்ளமானதால் அது மேடாகிவிட்டது. அப்புறம் நாசித்துவாரம் இரண்டுக்கும் நடுவே ஒரு தையல், உதட்டின் இரு ஓரங்களுக்குப் பிடரியிலிருந்து ஒவ்வொரு தையல்.

இழுப்பு ஒரு நூல் அதிகமானாலும் கண்முனையிலிருந்து கோடு கோடாகச் சுருக்கம் ஓடும். குழந்தை முகத்துக்கு அது கெடுதல், கிழவி முகத்துக்கு அதுதான் உயிர். வேண்டிய இடத்தில் நிறுத்தி, பிடரியில் மூன்று முடிச்சுப் போட்டு, தலைமுடியால் மறைத்துவிடலாம்.

கடையில் விற்கிற ஆடும் பிளாஸ்டிக் கண்ணை மட்டும் ஒட்டாதீர்கள். அதை ஒட்டின நொடியில் இவ்வளவு பாடும் வீண்.

நிற்க வைக்க என்ன செய்வது?

உள்ளே கம்பி எலும்பு. கட்டிடக்காரர்கள் பயன்படுத்தும் கட்டுக்கம்பி மலிவுதான், ஆனால் குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோரக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு பஞ்சு வழியாக வெளியே கசிந்து துணியில் பழுப்புக் கறையாக வரும். வந்தால் போகாது. அலுமினியக் கம்பி போடுங்கள். கம்பி முனைகளை வளைத்துத் துணி நாடா சுற்றிவிட வேண்டும். முதலில் ஒடிவது எப்போதும் கழுத்து. அங்கே கம்பியை இரட்டையாகக் கொடுத்து, பஞ்சை மிகக் கெட்டியாகத் திணியுங்கள்.

மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கிறதே?

தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் வாங்குகிற மாவட்டம் இது. ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரை ஈரம் விடாது. காற்றின் ஈரப்பதம் 65–70 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை கிளம்பும். அருங்காட்சியகங்கள் 50 சதவீத அளவில் வைக்கப் பார்க்கின்றன. நம் வீட்டில் அது நடக்காது, ஆனால் சிலதைச் செய்யலாம். வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். ஷோகேஸ் என்றால் காற்றுப் போக வழி இருக்கட்டும். பிளாஸ்டிக் கவரில் கட்டிப் பரணில் போடுவதுதான் கொடுமை. பூஞ்சை வந்துவிட்டால் மழை விட்ட நாளில் வெளியே எடுத்துப் போய், காயவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஈரத்தோடு தேய்த்தால் கறை உள்ளே இறங்கும்.

நேர்வெயிலில் நாள் கணக்கில் போட வேண்டாம், சாயம் வெளுக்கும். அருங்காட்சியகங்கள் துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் கொடுக்கின்றன, அதாவது அறை மங்கலாகவே இருக்கும்.

அந்துப்பூச்சி, ராமபாணப் பூச்சி சந்தேகம் இருந்தால் பாச்சா உருண்டையைவிட நல்ல வழி ஒன்று உண்டு. காய்ந்த பொம்மையை பாலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையை ஒரு நாள் பிரிக்கக் கூடாது, பிரித்தால் வியர்த்து நனைந்துவிடும். மீன் வைக்கிற ஃப்ரீசர் என்றால் பை இரண்டு போடுங்கள்.

இதைப் பார்த்தா செய்வினை வச்ச மாதிரி இருக்கே?

வாரத்துக்கு ஒருவராவது கேட்பார். வீட்டுக்காரர் ஆசையாகப் பார்ப்பார், கூட வந்த பெரியம்மா கையைப் பிடித்து இழுப்பார். மனுஷ உருவம், ஆனால் அசைவில்லை. அதனால் வருகிற திடுக்கிடல் அது. சில கலைஞர்கள் வேண்டுமென்றே அதைத்தான் பிடிக்கிறார்கள். 1930-களில் ஜெர்மனியில் ஹான்ஸ் பெல்மர் செய்த பொம்மையைப் பார்த்தால் பெரியம்மா கோட்டாறு சவேரியார் கோயிலுக்கே மெழுகுவர்த்தி நேர்ந்துகொள்வார். வீட்டில் பயம் வேண்டாமென்றால் இருட்டு மூலையில் நிற்க வைக்காமல், வெளிச்சத்தில் உட்கார வையுங்கள்.

குழந்தைக்கு விளையாடக் கொடுக்கலாமா?

நான் செய்வதைக் கொடுக்காதீர்கள். உள்ளே கம்பி, மேலே மணி, பொத்தான். சின்னக் குழந்தை பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும்.

விற்கிறவர்கள் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 14 வயதுக்கு உட்பட்டவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்பதற்கு விலக்கு உண்டு. அதனால் கைவினைஞர் அடையாள அட்டை வாங்கி வைப்பது நல்லது. பெரியவர்களுக்கான கலைப்பொருள் என்றால் அதைச் சீட்டில் தெளிவாக எழுதுங்கள்.

என் வடிவத்தை இன்னொருவர் காப்பியடித்தால்?

1957-ஆம் வருட பதிப்புரிமைச் சட்டத்தில் சிற்பமும், கலைநயமுள்ள கைவினைப் படைப்பும் கலைப்படைப்பு என்ற கணக்கில் வரும். பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு. ஆயுள் முழுக்க, அப்புறம் 60 வருடம். ஆனால் கவனம்: வடிவமைப்பாகப் பதிவு செய்யத்தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல், தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் படியெடுத்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். ஒரே பொம்மையை நூறு இருநூறு என்று ஆர்டர் எடுக்கும் முன் ஒரு வக்கீலிடம் பேசிவிடுங்கள்.

விலை ஏன் இவ்வளவு? துணியும் பஞ்சும்தானே?

மயிலாடியில் போய்க் கல்லுதானே என்று யாரும் கேட்பதில்லை. வேலை நாளைக் கணக்குப் போட்டுத்தான் விலை சொல்கிறேன், பேரம் கிடையாது.

கொலுவில் வைக்கலாமா?

தாராளமாக. மேல்படியில் மரப்பாச்சிக்குப் போட்டியாக வைக்காமல், கீழே தனியாக இடம் விட்டு வையுங்கள். விளக்குக்குப் பக்கத்தில் வேண்டாம், பஞ்சு சட்டென்று பற்றிக்கொள்ளும்.

இறந்துபோன அம்மாவின் புடவையில் அவர் உருவம் செய்து தர முடியுமா?

புடவையில் செய்து தருவேன். முகச்சாயல் கேட்டால் மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போட்டோவைப் பார்த்து முகம் கொண்டுவரப் போனால் யாருக்கும் திருப்தி வராது. அவர் எப்படி உட்காருவார், கையை எங்கே வைத்துக்கொள்வார், எந்தத் தோள் தாழ்ந்திருக்கும் என்று சொல்லுங்கள், அது போதும். பழைய பட்டு மடிப்பில் வெடிக்கும், ஜரிகை ஊசிக்கு மசியாது. தினமும் கட்டிய பருத்திப் புடவை இருந்தால் அதைக் கொடுங்கள். முழுப் புடவையும் தேவைப்படாது.

இப்படிப்பட்ட வேலைகளை நேரில் எங்கே பார்க்கலாம்?

பக்கத்தில் என்றால் கொச்சி. 2012 டிசம்பரில் தொடங்கிய கொச்சி-முசிரிஸ் பியன்னாலே சுமார் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. நூலிலும் துணியிலும் செய்த வேலைகளை அங்கே எதிர்பார்க்கலாம். நாகர்கோவிலில் ரயில் ஏறினால் எர்ணாகுளம். போனால் முன்பக்கம் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், தையல் எங்கே முடிகிறது என்று பின்பக்கமும் போய்ப் பாருங்கள்.

துவைக்கலாமா?

பாலியெஸ்டர் அடைத்து, கம்பி இல்லாமல், சாயம் போகாத துணியில் செய்ததை மட்டும் கையால் அலசலாம். பஞ்சடைத்ததை நனைத்தால் நடுவில் காயவே காயாது. தூசிக்கு, வாக்குவம் குழாயின் வாயில் கொசுவலைத் துண்டைக் கட்டி, அடிக்காமல் மேலாக ஓட்டினால் போதும். எண்ணெய்க் கறை பட்டால் அந்த இடத்தில் முகப்பவுடர் போட்டு ஒரு ராத்திரி விட்டுவிட்டு, காலையில் தட்டிவிடுங்கள்.